நாலாயிரம் எழுத்துக்கு ஒரு திக்கல்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் எல்லோரும் கையை விரிப்பார்கள். தட்டக்கா என்று கேட்டால் மட்டும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையின் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். அங்கே ஒட்டுப்பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு நீள மேசை, ஒரு டேபிள் ஃபேன், ஈயப் புகை வெளியேற எப்போதும் திறந்தே கிடக்கும் சன்னல். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தத் தடுப்புக்குப் பின்னாலிருந்து தட்டுகிற சத்தம் வந்துகொண்டே இருக்கும். பெயர் வந்தது அப்படித்தான். முப்பத்தெட்டு வயது. கலியாணப் பேச்சை எடுப்பவர்களிடம், "எனக்கேத்த வோல்ட்ல இன்னும் ஒருத்தரும் வரல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

அவள் தொழில் கீபோர்டு. வேண்டுகிறவர்களுக்குப் புதிதாகச் செய்து கொடுப்பாள். அதைவிட அதிகமாக, பழைய கீபோர்டுகளுக்கு அடாப்டர் செய்வாள். இருபது முப்பது வருஷத்துக்கு முந்தைய கீபோர்டுகள் அம்மிக்கல் மாதிரி இருக்கும், எத்தனை தட்டினாலும் சாகாது. ஆனால் அவற்றின் உருண்டைப் பிளக் இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் நுழையாது; நுழைந்தாலும் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா வேண்டும். டப்பாவுக்குள் விரல் நீளத்தில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு உட்கார்ந்துகொண்டு, கீபோர்டு சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டருக்குப் புரிகிறபடி திருப்பிச் சொல்லும். துபாஷி வேலை.

எந்தப் போர்டு என்பதில்தான் பாதித் தொழில் இருக்கிறது. போன மாதம் ஒரு கணக்காளர், இணையத்தில் பார்த்து வாங்கியதாக ஒரு போர்டைப் பெருமையோடு கொண்டுவந்து வைத்தார்.

"இது போதும்ல தட்டக்கா? நிறையப் பேரு நல்லா இருக்குன்னு எழுதியிருந்தாங்க."

"நல்லாத்தான் இருக்கு சார். இதுக்கு விளக்கு எரிய வைக்கத் தெரியும், மோட்டார் சுத்த வைக்கத் தெரியும். கம்ப்யூட்டர்கிட்டப் போய் நான்தான் கீபோர்டுன்னு சொல்லிக்க மட்டும் தெரியாது. ஊமைய வச்சுக்கிட்டு எப்படி சார் தூது அனுப்புறது?"

இன்னொரு வகைப் போர்டு நன்றாகப் பேசும். ஆனால் கேபிள் சொருகுகிற வாயை மேலாக்க ஒட்டியிருப்பார்கள். நாலு தடவை பிடுங்கினால் பெயர்ந்து கையோடு வந்துவிடும். அதற்குக் கழுத்தோரம் ஒரு சொட்டுப் பசை வைக்காமல் அவள் வெளியே விடுவதில்லை. புது மாதிரிப் போர்டுகள் விலை குறைவு, வேகம் அதிகம், இடமும் தாராளம். ஆனால் அவை மூன்று வோல்ட்டில் வளர்ந்தவை. பழைய கீபோர்டு பேசுவதோ ஐந்து வோல்ட். நேராகச் சேர்த்தால் பொசுங்கிப்போகும். நடுவில் வோல்ட் குறைக்கும் துண்டு ஒன்றை வைத்து, அதற்கு நாலு ஒயர் இழுத்து... ஒரு அடாப்டருக்கு அத்தனை பாடு எதற்கு? பழைய ஐந்து வோல்ட் போர்டிலேயே முப்பத்திரண்டாயிரம் எழுத்துக்கு இடம் உண்டு. போர்டுக்கு வேலை சொல்லும் நிரல் உட்கார்ந்தது போக மிச்சம் இருக்கிற இடம் கொஞ்சம்தான். "துபாஷிக்கு எதுக்குக் கிடங்கு?" என்பாள்.

நிரல் என்றால் அண்ணன். அவளைவிட ஐந்து வயது மூத்தவன், ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இருவரும் சேர்ந்துதான் இந்தத் தொழிலுக்குள் விழுந்தார்கள். வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, செத்துப்போன இரண்டு கீபோர்டுகளிலிருந்து உயிருள்ள ஒன்றைப் பிழைக்க வைத்த நாளிலிருந்து ஏற்பாடு அதுதான்: ஒட்டுவது அவள், எழுதுவது அவன். அவன் அனுப்புகிற நிரலை அவள் போர்டில் ஏற்றுவாள், எல்லா விசைகளையும் தட்டிப் பார்ப்பாள், டப்பாவைத் திருகி மூடுவாள். இத்தனை வருஷத்தில் அவன் எழுதியதை ஒருநாளும் திறந்து படித்ததில்லை. ஒட்டுகிற இடத்தில் உப்புக்கல் அளவு ஈயம் கூடினாலும் கண்டுபிடித்துவிடுகிறவளுக்கு, அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. கூடப் பிறந்தவன் எழுதியதைச் சரிபார்ப்பதாவது.

அண்ணிக்கும் ஓர் அடாப்டர் வேண்டியிருந்தது. கூட்டங்களிலும் விசாரணைகளிலும் பதிவான பேச்சைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பவள் அண்ணி. வீட்டில் மேசை போட்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, நாளுக்கு நாற்பதாயிரம் எழுத்துக்குக் குறையாமல் அடிப்பாள். மூடப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு பழைய கீபோர்டைத் தூக்கி வந்திருந்தாள். அதில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார்.

"அவருக்கு என்னவாம் அண்ணி?"

"ரயில் எப்ப கிளம்புதுன்னு கேக்குறாரு."

அந்த அடாப்டருக்குத்தான் அண்ணன், "புதுப் போர்டு போடு, மெமரி பெருசா இருக்குறதா" என்றான்.

"எதுக்குண்ணா இவ்வளவு இடம்? அஞ்சு வோல்ட் கீபோர்டு. நடுவுல துண்டு வைக்கணும், தேவையில்லாத வேலை."

"வையேன். பின்னாடி எதையாவது சேர்க்கணும்னா இடம் வேணும்ல. நிரல நானே ஏத்திக்கிறேன். டப்பாவ மட்டும் திருகாம குடு."

அவள் அலுத்துக்கொண்டே செய்தாள். அறுபத்துநாலு மடங்கு பெரிய இடம். துண்டு வைத்து, ஒயர் இழுத்து, மூடாமல் கொடுத்தாள்.

ஒன்பது மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை முற்பகலில் அண்ணி கடைக்கு வந்தாள். எப்போதும் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "என்னடி, இன்னிக்கு எத்தனை பிணம் எழுந்துச்சு?" என்று கேட்பவள், அன்று உள்ளே வந்து பையை மேசைமேல் வைத்தாள். கீபோர்டு, அடாப்டர் இரண்டும் அதில் இருந்தன.

"அப்பப்ப திக்குது. விரல எடுத்த பின்னாடியும் ஒரே எழுத்து நாலஞ்சு தடவை ஓடிடுது. ஒரு நாளைக்கு எட்டு, பத்து வாட்டி."

"உக்காருங்க அண்ணி, பார்த்துடலாம்."

"உக்கார நேரமில்ல."

வாடிக்கையாளர் குரல். தட்டக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன ஆச்சு? ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

அண்ணி சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த வேலைக்கு இன்டர்வியூக்குப் போறேன்னு உன்கிட்ட மட்டும்தான் வாயத் திறந்து சொன்னேன். போறதுக்கு முந்தின நாள் உங்கண்ணன் என்னைய உக்கார வச்சு, வெளியூர் வேலையெல்லாம் நமக்குச் சரிப்படாதுங்குறாரு. எங்கம்மா வீட்ல ஒரு மாசம் போய் இருக்கணும்னு நினைச்சேன். அதையும் நான் கேக்கறதுக்கு முன்னாடியே, இப்ப வேணாம்னுட்டாரு. அதுவும் உனக்குத் தெரியும்."

"அண்ணி, நான் ஒரு வார்த்தை..."

"சத்தியமெல்லாம் பண்ணாத. அண்ணன் தங்கச்சி, பேசிக்குவீங்க. நான்தான் மறந்துட்டேன். சரி பண்ணிட்டு ஃபோன் பண்ணு."

ஒட்டுப்பலகைக் கதவு ஆடி நின்றது. கடை முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன தட்டக்கா, அண்ணி டீ கூடக் குடிக்காம போறாங்க?" என்றார். பத்து வருஷப் பழக்கம். அண்ணி என்று கூப்பிட்டாலும் தட்டக்காவுக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். செய்யாத தப்புக்குக் கிடைத்த அடி என்பதால் எங்கே வலிக்கிறது என்றே புரியவில்லை. கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் என்று கீபோர்டைச் சொருகித் தட்ட ஆரம்பித்தாள்.

விசைகளைக் கழற்றித் துடைத்தாள். கேபிளை மாற்றினாள். நடுவில் வைத்த துண்டைச் சந்தேகப்பட்டு இன்னொன்று வைத்தாள். திக்கல் போகவில்லை. அழுக்கால் வருகிற திக்கல் ஒரே விசையில் வரும். கேபிளால் வருவது அசைத்தால் வரும். இது எந்த விசையில் வேண்டுமானாலும் வந்தது, ஆனால் கண்டபடி வரவில்லை. தட்டினதை எண்ணிக் காட்டுகிற பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு அடித்தாள். ஒரு திக்கலுக்கும் அடுத்த திக்கலுக்கும் நடுவே நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு தட்டு. தற்செயலாக இருக்கும் என்று மறுபடி அடித்தாள். கால் மணி நேரம் போனது. நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. மூன்றாம் தடவையும் அதேதான்.

போர்டுகளோடு புழங்குகிறவர்களுக்கு அந்த எண் நன்றாகத் தெரியும். அந்தப் போர்டு தன் பெரிய மெமரியில் எதையாவது எழுத வேண்டுமானால், நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எழுத்துக்கான இடத்தை மொத்தமாக ஒரே நேரத்தில் துடைக்கும். துடைக்கிற அந்த ஒரு கணம் அதற்குக் காது கேட்காது. கீபோர்டு, "விரலை எடுத்துவிட்டார்கள்" என்று சொல்வது அந்த நேரம் பார்த்து வந்தால், விசை இன்னும் அழுந்தியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் ஓர் அடாப்டர் எதற்காக எழுத வேண்டும்?

அவளும் அண்ணனும் ஆரம்ப நாள்களிலிருந்து வைத்திருந்த ஒரு வழக்கம் உண்டு. சோதனை போடுவதற்காக, இரண்டு பக்கத்து ஷிஃப்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே சொருகினால் அடாப்டர் தன் உள்ளே இருப்பதைத் திறந்து காட்டும். இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அப்படிச் சொருகினாள். பென்டிரைவ் போலத் திரையில் ஒன்று திறந்தது. உள்ளே ஒரே ஒரு கோப்பு.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்த வரிகள். கூட்டத்தில் யாரோ பேசியது, சாமான் பட்டியல், தோழிக்கு எழுதிய கடிதம் எல்லாம் இடைவெளியில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக. அழிக்கும் விசையை அடித்ததற்கும் ஒரு குறி விழுந்திருந்தது. அதாவது, அடித்துவிட்டு அழித்ததும் அழியாமல் அங்கேயே இருந்தது. கோப்பை மூடுவதற்குள் மூன்று வரிகள் கண்ணில் பட்டுவிட்டன. 'அவள்தான் போய்ச் சொல்கிறாள். இந்த வீட்டில் அவள் ஒருத்தியைத்தான் நம்பினேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள்.' அதற்குப் பிறகு வரிசையாக அழிப்புக் குறிகள்.

அண்ணனை அழைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தான், அடையாள அட்டை கழுத்தில் தொங்க. மேசைமேல் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தான். இது என்ன என்று அவன் கேட்கவில்லை.

"படிச்சியா?" என்றான்.

அதுவரை, வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நீ படிச்சியாண்ணா? ஒன்பது மாசமா?"

"கத்தாத, முன்னாடி ஆளு இருக்கு. உனக்குப் புரியாது. அவ போயிடுவாளோன்னு எனக்குப் பயம். என்ன நினைக்கிறான்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கலாம்ல."

"கேக்க வேண்டியதுதானே? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"கேட்டா சொல்லிடுவாளா?" அவன் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "இப்ப என்ன, யாரு செத்துட்டா? நான் யாருகிட்டயும் போய்ச் சொல்லல."

"அண்ணி நான்தான் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. உனக்கு அது தெரியுமே. அவங்க எழுதினத நீதான் படிச்சிருப்பியே."

அவன் அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றினான். தெரியும் என்பதற்கு அதைவிட வேறு பதில் வேண்டியிருக்கவில்லை.

"அது சரியாப் போயிடும்," என்றான் கடைசியில். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா எத்தனை நாளைக்கு? இங்க பாரு. திக்கல மட்டும் நிறுத்திடலாம். துடைக்கிற வேலைய அவ தட்டாத நேரத்துக்குத் தள்ளி விட்டா வெளிய தெரியவே தெரியாது. நான் எழுதி அனுப்புறேன், நீ ஏத்தி, மூடிக் குடுத்துடு. நீ குடுத்தா அவ வாங்கிக்குவா."

"நான் குடுத்தாவா?"

"போர்ட எடுத்துக் குடுத்ததே நீதானே. மெமரி பெருசா வேணும்னு கேட்டேன், குடுத்த. நீ இவ்வளவு வருஷமா செஞ்சு குடுத்த டப்பா எத்தனை வீட்ல இருக்கு? இது வெளிய போச்சுன்னா, ஒவ்வொருத்தனும் வந்து, என் டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு கேப்பான். யோசிச்சுக்கோ."

அவன் மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. சின்ன வயதில் மின்சாரத்தில் கை வைக்காதே என்று சொல்வானே, அதே அக்கறையான குரல். அதுதான் பொறுக்க முடியவில்லை. "எழுந்து போண்ணா" என்றாள். அவன் போனான். போகும்போது மேசையில் ஓரமாகக் கிடந்த திருகாணியை, உருண்டு விழுந்துவிடாமல் டப்பாவுக்குள் எடுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

அவன் கேட்டதைவிடச் சுலபமான வழி ஒன்றும் இருந்தது. போர்டை மாற்றி, பழைய ஐந்து வோல்ட் போர்டு வைத்து, சுத்தமான நிரலை ஏற்றிக் கொடுத்துவிட்டால் திக்கலும் போகும், வேவும் போகும். அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. குடும்பம் குலையாது. இவள் மட்டும் கோள்மூட்டி என்ற பெயரோடு இருந்துவிட்டுப் போகலாம். ஒரு மணி நேரம் போல அதை நினைத்துப் பார்த்தாள். பழைய போர்டை எடுத்து மேசையில் வைத்துக்கூட விட்டாள். அண்ணன் இன்னொரு வழி கண்டுபிடிப்பான் என்று தோன்றியது. அதையும்விட, அண்ணிக்குத் தெரியாமல் அண்ணிக்கு நல்லது செய்வது என்றால், அவனும் அதைத்தானே சொன்னான்.

மறுநாள் காலை, அண்ணன் அலுவலகம் போன பிறகு அவர்கள் வீட்டு மணியை அடித்தாள்.

"ஃபோன் பண்ணச் சொன்னேனே," என்றாள் அண்ணி கதவைப் பாதி திறந்துகொண்டு.

"ஃபோன்ல சொல்ற விஷயமில்ல அண்ணி."

மேசைமேல் கீபோர்டை வைத்தாள். இரண்டு ஷிஃப்டையும் அழுத்திக்கொண்டு சொருகினாள். கோப்பு திறந்ததும் விலகி நின்றாள். அண்ணி முதலில் நின்றபடி படித்தாள், பிறகு உட்கார்ந்து படித்தாள். எத்தனை பக்கம் உருட்டினாளோ. ஒரு தடவை மட்டும், "இது நான் அனுப்பவே இல்ல. அடிச்சுட்டு அழிச்சுட்டேன்" என்றாள். அவளுக்கே சொல்லிக்கொள்வது போல இருந்தது.

"அழிச்சதும் இருக்கும் அண்ணி. விசைய அழுத்தினா அதுல விழுந்துடும்."

"யாரு?"

கேட்கும்போதே தெரிந்துவிட்டது போல அண்ணி மறுபடி திரைக்குத் திரும்பினாள்.

"நீ எவ்வளவு படிச்ச?"

"மூணு வரி."

"எந்த மூணு?"

தட்டக்கா சொன்னாள். வாயால் சொல்லும்போது அது எழுத்தில் இருந்ததைவிட மோசமாக இருந்தது. அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போர்டு நீதானே போட்ட?"

"ஆமா."

"எதுக்கு இவ்வளவு இடம்னு கேக்கலியா?"

"கேட்டேன். ஒரு தடவ கேட்டேன். அண்ணன்தானேன்னு விட்டுட்டேன். நிரலையும் படிச்சுப் பார்க்கல. வேற போர்டு கொண்டுவந்திருக்கேன் அண்ணி, இதுல எதையும் ஒளிச்சு வைக்க இடமே கிடையாது. உங்க முன்னாடியே உக்காந்து..."

"எனக்கு எப்படிடி தெரியும்?" அண்ணி கோபமாகக் கேட்கவில்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "அதுல இடம் இல்லன்னு நீ சொல்லணும். இதுல இருக்குன்னும் நீ சொல்லித்தான் தெரியுது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தட்டுறது மட்டும்தான்."

கையில் எடுத்த போர்டைத் தட்டக்கா மறுபடி பைக்குள் வைத்தாள்.

அண்ணி உள்ளே போய் அரை மணி நேரம் அலமாரிகளைத் திறந்து மூடினாள். ஒரு பெட்டியும் தோள்பையுமாக வந்தாள். ஹெட்ஃபோனைப் பைக்குள் போட்டாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அடாப்டரைப் பிடுங்கி மறுபடி சாதாரணமாகச் சொருகினாள்.

"என்ன பண்றீங்க அண்ணி? அது எழுதிக்கும்."

"எழுதட்டும். உங்கண்ணன் நான் வாயால சொன்ன எதையும் காதுல வாங்கினதில்ல. படிக்கிற இடம் இதுதானே, இங்கயே சொல்லிட்டுப் போறேன். நீ அந்தப் பக்கம் திரும்பு."

தட்டக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் அந்தக் கீபோர்டு இடி மாதிரி ஓடியது. எங்கேயும் நிற்கவில்லை, எதையும் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அன்று யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு விசை அழுந்துகிற சத்தம் கேட்டது; அது மேலெழும் சத்தம் வெகுநேரம் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அடித்ததெல்லாம் அழிந்து திரை வெறுமையாக இருந்தது. அண்ணி லேப்டாப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கீபோர்டும் அடாப்டரும் மேசைமேலேயே கிடந்தன.

"கதவப் பூட்டி, சாவிய உங்கண்ணன்கிட்ட குடுத்துடு."

"ஆட்டோ வரைக்கும் பெட்டிய நான் தூக்கிட்டு..."

"வேணாம்."

"அண்ணி, என்னைப் பத்தி நீங்க நினைச்சது..."

"நீ போய்ச் சொல்லலேன்னு தெரிஞ்சு போச்சு," என்றாள் அண்ணி. "அது போதுமான்னுதான் எனக்குத் தெரியல. இப்ப கேக்காத." பெட்டியைப் படிக்குப் படி இடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

தட்டக்கா அந்த அறையில் தனியாக நின்றாள். அண்ணி அடித்ததில் தன்னைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும். மன்னித்தேன் என்றோ, இந்தக் குடும்பமே வேண்டாம் என்றோ. அவளுடைய பையில் சோதனைக்கு வைத்திருக்கும் சின்ன லேப்டாப் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தாள். கேபிளைக் கையில் எடுத்தாள். இரண்டு விசைகளை அழுத்திக்கொண்டு சொருக வேண்டும், அவ்வளவுதான், தெரிந்துவிடும். சாயங்காலம் அண்ணன் வந்து செய்யப்போவதும் அதைத்தான்.

கேபிளை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினாள். படிக்கவில்லை என்று இனி அவள் யாரிடம் சொன்னாலும் நம்பப் போவதில்லை. சாவியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். அண்ணன் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.